இன்னொரு பார்ட்டி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

நம் ஊசியக்கா மூன்று வாரமாகத் தேடுகிறாள். பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள ரெடிமேட் கடையில், நீளமான பேன்ட்டைக் குட்டையாக்கி, இறுக்கமான சட்டையைத் தளர்த்திக் கொடுக்கிற தையல் மெஷின் அவளுடையது. ஊசி என்ற பெயர் அந்த வேலையால் மட்டும் வந்ததல்ல. அவள் வாயில் ஒரு தடவை மாட்டியவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

அந்த வாய்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் குடும்பத்தை இரண்டாக்கியது. இருப்பதோ இரண்டு அறை. அதில் அவள், அவள் கணவர், மகன், புது மருமகள். ஒரு நாள் துணி மடிக்க இடமில்லாமல், "இந்த வீட்டுல மூச்சு விடக்கூட இடமில்ல" என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள். மருமகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அந்த வாரமே மகன் ஊரின் மறுகோடியில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை பார்த்துப் போய்விட்டான். அதற்குப் பிறகு அம்மாவும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் அழுத்தம் ஒரே அளவு. ஒரே துணியில் வெட்டியது, வேறு எப்படி இருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை, தேதி இருபத்தாறு. முப்பதாம் தேதி அவர்கள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

காலை ஏழு மணிக்கே வீட்டுக்காரர் தச்சரை அனுப்பிவிட்டார். ஊருக்கு வெளியே தொழிற்சாலை வந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. இந்த இரண்டு அறையை ப்ளைவுட் வைத்துத் தடுத்து நான்காக்கினால் எட்டுக் கட்டில் போடலாம். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனி வாடகை. ஒரு குடும்பம் தருவதைப் போல மூன்று மடங்கு.

தச்சர் நல்ல மனிதர். மன்னிச்சுக்குங்கம்மா என்று சொல்லிக்கொண்டேதான் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, அவர்கள் படுக்கிற இடத்துக்கு நடுவே தரையில் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டார்.

ஊசியக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்பீஸ் கோடு விழுந்துவிட்டால் அடுத்தது கத்தரிதான் என்பது தையல்காரிக்குத் தெரியாதா.

"இன்னைக்கு டீச்சரம்மா வீட்டை முடிச்சிடறேன். நீங்க முன்பணத்தைத் தயாரா வச்சுக்குங்க. நான் போன் பண்ணினதும் வாங்க" என்றாள் கணவரிடம்.

கணவருக்கு ஊரில் மீட்டர் என்று பெயர். குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. ஊரில் எந்த வீடு காலியாகிறது என்பது தரகர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். மீட்டரில் முள் நகரவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை. டீச்சரம்மா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீடு காலியானதை அவர்தான் போன மாதக் கணக்கையும் இந்த மாதக் கணக்கையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். மூன்று அறை. தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி.

அந்த ஒரே ஒரு படியில்தான் ஊசியக்காவின் மனசு நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் ஒரு பை நிறைய மேல்சட்டைகளைக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது, இரண்டு அங்குலம் பிரித்துத் தைக்க வேண்டும் என்று கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஊசியக்கா தையலைப் பிரித்தாள். அது அவள் கையால் போட்ட தையல். மருமகளுக்குக் கல்யாணத்துக்காகத் தைத்தவை. பாட்டியாகப் போகிற செய்தி அவளுக்கு அப்படித்தான், கத்தரி நுனியில் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல், இரண்டு அங்குலம் கேட்ட இடத்தில் மூன்று அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. பிள்ளைத்தாச்சி மூன்று மாடி ஏறி இறங்குகிறாள். டீச்சரம்மா வீடு கிடைத்துவிட்டால், சாமான்களை இறக்கிவைத்த கையோடு போய் மகனைக் கூப்பிட்டுவிடலாம். மூன்று அறை இருக்கிறது, மூச்சு விட இடமிருக்கிறது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது. அதற்குப் பதிலாக ஒரு வீடே கொடுத்துவிடுவாள்.

ஆனால் நடுவில் ஒரு பாவி புகுந்துவிட்டான்.

டீச்சரம்மா கேட்டது எட்டாயிரம். சரி என்று சொல்லிவிட்டு வந்த மறுநாளே, இன்னொரு பார்ட்டி எட்டரை சொல்கிறார்கள் என்று போன் வந்தது. ஊசியக்கா ஒன்பது என்றாள். அந்தப் பார்ட்டி ஒன்பதரை. இவள் பத்து. இப்படியே ஐந்து நாளாக ஏறி, நேற்றோடு பதினொன்றரையில் நிற்கிறது. இன்று நாலு மணிக்கு நேரில் வாங்க, யாருக்கு என்று முடித்துவிடலாம் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார்.

"பன்னெண்டு சொல்லப்போறேன்" என்றாள். மாதம் பன்னிரண்டு கொடுத்தால் மிச்சத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று மீட்டர் மெதுவாகக் கேட்டார். அவள் தன் துணிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மீட்டர் பேருந்துப் பணிமனை மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு மகனுக்காகக் காத்திருந்தார்.

இது வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடக்கிற, ஊசியக்கா தெரிந்தும் தெரியாதது போல விட்டுவிடுகிற ரகசியம். மகன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். காலை ஷிப்டை இறக்கிவிட்டு மதியம் கிளம்புவதற்குள் அரை மணி நேரம் கிடைக்கும். அப்பாவும் பிள்ளையும் அந்த அரை மணி நேரம் மதிலோரத்தில் நின்று பேசுவார்கள். அம்மா எப்படி இருக்காங்க என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பா சொல்லாமல் விட்டதுமில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொன்னதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னால் அவன் பரிதாபப்பட்டு வந்து நிற்பான், எனக்கு யார் பரிதாபமும் வேண்டாம் என்று ஊசியக்கா சத்தியம் வாங்கியிருந்தாள்.

மகனுக்குத் தூக்கமில்லாத முகம். மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, டாக்டரம்மா இனிமேல் மாடிப்படி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார் என்றான். மூன்று நாளாக அவள் அறையை விட்டு இறங்கவில்லை. அவன்தான் கீழே போய்க் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிவருகிறான்.

"வீடு ஏதாவது பார்த்தியா" என்று கேட்டார் மீட்டர்.

"நீங்க சொன்ன வீடுதான்ப்பா. அந்த டீச்சரம்மா வீடு. இன்னைக்கு முடிஞ்சிடும். இன்னொரு பார்ட்டி ஒண்ணு நடுவுல புகுந்து ஏத்திக்கிட்டே போவுது. விடமாட்டேன். நேத்து பதினொண்ணரை சொல்லியிருக்கேன்."

மீட்டர் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

ஆமாம், அவர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னார். திங்கட்கிழமை இதே மதிலோரத்தில், மருமகள் படியேற முடியாமல் கஷ்டப்படுகிறாள் என்று கேட்டதும் மனசு தாங்காமல் மகனிடமும் சொல்லிவிட்டார். யாருக்குக் கிடைத்தாலும் நம் வீட்டுக்குத்தானே என்று ஒரு நினைப்பு. பார்க்கிறேன்ப்பா என்று மட்டும்தான் மகன் அன்றைக்குச் சொன்னான். அவன் போய்ப் பார்த்ததும் வாடகை ஏற்றியதும் அவருக்குத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை, குடும்பம்தான் கெட்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். 

சொன்னால் என்ன ஆகும். அம்மாதான் அந்தப் பார்ட்டி என்று தெரிந்தால் மகன் இந்த நிமிஷமே விலகிவிடுவான். வீங்கிய காலோடு மருமகள் மூன்றாவது மாடியில் கிடப்பாள். சரி, மனைவியிடம் சொல்லலாம். சொன்னால் அவள் விலகிவிடுவாள். நாலு நாளில் இவர்கள் இரண்டு பேரும் தெருவில். யாரிடம் சொல்கிறாரோ அவர்களுக்கு வீடு இல்லை. மற்றவருக்கு வீடு உண்டு. இருபத்தெட்டு வருஷமாக மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போன மனிதரிடம், எந்த எண்ணை அழிப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை.

மகன் கையிலிருந்த டீயை அவரிடம் கொடுத்து, ஏன்ப்பா வேர்க்குது என்று கேட்டான். வெயில் என்றார். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதன் பிறகு மீட்டர் ஒரு தெருவுக்கும் போகவில்லை. மதிலோரத்திலேயே உட்கார்ந்து, கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார். அவருடைய போன் தண்ணீர் மீட்டர் இருக்கிற குழி ஒன்றில் விழுந்து எழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். தெருவே கேட்கிற மாதிரி ஊசியக்காவின் குரல் வந்தது.

அந்த வீட்டை விட்டுவிடலாமா, வேறு பார்க்கலாமா என்று இழுத்தார்.

"வேற எங்க பார்க்கறது? நாலு நாள்ல எந்த மகராசன் குடுப்பான்? எட்டாயிரத்துக்கு முடிய வேண்டிய வீடு. அந்தப் பார்ட்டி மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா இந்நேரம் நான் பால் காய்ச்சிக் குடிச்சிருப்பேன். என் வயிறு எரியுதுங்க. அவங்களுக்கே அந்த வீடு போனாலும், ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவங்க அதுல நிம்மதியாத் தூங்கக்கூடாது."

"அப்படிச் சொல்லாத" என்றார் மீட்டர்.

"ஏன் சொல்லக்கூடாது? உங்களுக்கு அவங்க சொந்தமா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே ஊசியக்கா டீச்சரம்மாவின் முன்னறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். மடியில் அந்தத் துணிப் பை. உள்ளே ஒரு அளவு நாடா, மூக்குக்கண்ணாடி, கடை முதலாளி இவள் யோக்கியமானவள் என்று எழுதிக் கொடுத்த கடிதம். பை அவளே தைத்தது. மகன் ஐந்தாம் வகுப்பில் போட்ட சீருடைக் கால்சட்டைகள் இரண்டைப் பிரித்துத் தைத்த சாம்பல் நிறப் பை. பாக்கெட்டை அப்படியே வெளிப்பக்கம் வைத்திருந்தாள். அதில் அவன் பேனா கசிந்த நீலக் கறை இன்னும் இருக்கிறது.

டீச்சரம்மாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஒரு வில்லி இருந்தால் கதைக்கு நல்லது. ஆனால் அவர் அப்படி இல்லை. ஓய்வு பெற்று, காது மந்தமாகி, மாத்திரை டப்பாவும் கையுமாகத் தனியாக இருக்கிற மனுஷி. இந்த வாடகையில்தான் மருந்து வாங்குகிறார். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

வீட்டில் எத்தனை பேர் என்று முதல் நாள் கேட்டதையே மறுபடியும் கேட்டார். தொட்டி சின்னது, இரண்டு பேருக்கு மேல் என்றால் தண்ணீர் காணாது, அதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

"நாங்க ரெண்டு பேர்தான் டீச்சர். நானும் அவரும். வேற யாரும் இல்ல."

கூசாமல் சொன்னாள். நாலு பேர் என்று சொன்னால் வீடு போய்விடும். உள்ளே வந்த பிறகு பிள்ளைத்தாச்சியை யார் வெளியே போ என்று சொல்லப் போகிறார்கள். பன்னிரண்டு தருகிறேன் என்றாள். 

டீச்சரம்மா தலையாட்டினார். உங்களைப் பார்த்தால் நல்லவங்களாத் தெரியறீங்க, ஆனா அவங்களையும் ஒரு வார்த்தை கேட்காம முடிச்சா நியாயமில்ல, கடைசியாக் கேட்டுடறேன் என்று போனை எடுத்தார். காதில் வைத்தால் காது மெஷின் கீச்சென்று கத்தும். அதனால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துத்தான் பேசுவார்.

மணி அடித்தது. ஊசியக்கா மேஜையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாகத் தன் உயிரை வாங்கிய ஆளின் குரலையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"சொல்லுங்க டீச்சர்" என்றது போன்.

ஏழு மாதம். ஏழு மாதமாக அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. ஆனால் முதல் எழுத்திலேயே பெற்ற வயிறு தெரிந்துகொண்டது. பின்னால் பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவங்க பன்னிரண்டு சொல்றாங்க தம்பி, நீங்க என்ன சொல்றீங்க என்றார் டீச்சரம்மா.

இன்ஜின் சத்தம் நின்றது.

"பன்னெண்டரை. அதுக்கு மேல என்னால முடியாது டீச்சர். அதுவே முடியாது. ராத்திரி லாரி ஓட்டவும் ஒத்துக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரிக்கு மாடி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தயவு பண்ணுங்க."

"நீங்க எத்தனை பேர்னு சொன்னீங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான் டீச்சர். வேற யாரும் இல்ல."

ஊசியக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதே வார்த்தை. அவள் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. அவள் சொன்னது பொய். அவன் சொன்னதும் பொய்யா? மூன்று அறை வீட்டை இரண்டு பேருக்கென்று ஒருவன் இவ்வளவு கொடுத்து எடுப்பானா? இல்லை, அவனுக்கு நிஜமாகவே வேறு யாரும் இல்லையா? கேட்டுவிட ஒரு வாயில்லை. வாயைத் திறந்தால் அவனுக்குக் குரல் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த வினாடியே விலகிவிடுவான். அவன் குணம் அவளுக்குத் தெரியாதா. அது அவளுடைய குணம்தானே.

நீங்க என்னம்மா சொல்றீங்க என்று டீச்சரம்மா அவளைப் பார்த்தார். போன் மேஜை மேல் திறந்தே இருந்தது.

ஊசியக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அது போதாதோ என்று பயந்து எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, அவங்களுக்கே என்று மேஜையைக் காட்டினாள்.

"சரி தம்பி, அவங்க விலகிட்டாங்க. வீடு உங்களுக்குத்தான். காலையில வந்து சாவி வாங்கிக்குங்க" என்றார் டீச்சரம்மா. போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அணைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அவளுக்குக் குரல் வந்தது. டீச்சரம்மாவின் காலடியில் உட்காராத குறையாகக் கெஞ்சினாள். அந்தப் பையன் பாவம், இவ்வளவு கொடுக்க முடியாது, ராத்திரி லாரி ஓட்டிப் பகலில் பஸ் ஓட்டினால் எங்காவது கண் அசந்து போய்விடும், பழையபடி எட்டாயிரத்துக்கே கொடுங்கள் என்றாள்.

டீச்சரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாள் போட்டி போட்டவள் எதற்காக எதிராளிக்கு வாதாடுகிறாள்.

"நான் எட்டாயிரம்தானேம்மா கேட்டேன். ஒரு பைசா நான் ஏத்தலையே. நீங்க ரெண்டு பேரும்தானே ஏத்துனீங்க. பன்னெண்டு பெறும்னு நீங்களே இப்பத்தானே சொன்னீங்க. இனிமே நான் எதுக்கு எட்டுக்குக் குடுக்கணும்?"

 சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் பிள்ளைக்கு வைத்துவிட்டாள். மாதா மாதம் நாலரை ஆயிரம், அவன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி. ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கக்கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மத்தியானம்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பலித்துவிட்டது.

எப்படி வாசலுக்கு வந்தாள், எப்படிச் செருப்பை மாட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது.

தெருமுனையில் நின்று, கையிலிருந்த போனில் வேறொரு எண்ணைக் கூப்பிட்டாள். போன வாரம் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த வீடு ஒன்று இருந்தது. ஒழுகுகிற வீடு, ஒன்பதாயிரம். ஒழுகினால் ஒழுகட்டும். அந்த வீட்டுக்காரர் உடனே எடுத்தார். இருக்கிறது, ஆனால் இப்போது பதினொன்று என்றார். போன வாரம் ஒன்பதாக இருந்ததே என்றாள். அது போன வாரம் என்றார் அவர். டீச்சரம்மா வீட்டுக்குப் பதினொன்றரை வரைக்கும் ஆள் வந்துவிட்டதாமே, நான் மட்டும் என்ன இளிச்சவாயனா என்று கேட்டார். சின்ன ஊர். தண்ணீரைவிட வேகமாக வாடகை பரவும்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடுகிற நேரம். மீட்டர் முன்பணக் கவரை மடியில் வைத்துக்கொண்டு, சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமில்ல?"

யாருகிட்ட என்று மட்டும் கேட்டார் மீட்டர். அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு வாய் படைத்தவள், கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பயந்ததில்லை.

அவன் ரெண்டு பேர்தான்னு சொன்னான் என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. வேற யாரும் இல்லைன்னு சொன்னான். நீங்க அவனைப் பார்க்கறீங்களே, அவன் மனசுல என்ன இருக்கு என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. நாலு நாளில் எங்கே போகிறோம் என்பதும் தெரியவில்லை. 

மீட்டரின் போன் அடித்தது. மகன்.

வழக்கமாக அவர் எழுந்து தெருவுக்கு ஓடிவிடுவார். இன்று எழுந்திருக்கவில்லை. எடுங்க என்று அவள் கண்ணைக் காட்டினாள். நான் இருக்கிறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்கு விரலை உதட்டில் வைத்தாள்.

"அப்பா, வீடு கிடைச்சிடுச்சுப்பா." ஸ்பீக்கரில் அவன் குரல் அந்த இரண்டு அறையிலும் நிறைந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்குள் பேசுகிறான்.

சந்தோஷம்ப்பா என்றார் மீட்டர். மூணு அறை, உங்க ரெண்டு பேருக்கு எதுக்குப்பா என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

 அதை அப்புறம் பேசிக்கலாம்ப்பா என்றான். பிறகு குரல் மாறியது.

"ஆனா பன்னெண்டரைப்பா. அந்த இன்னொரு பார்ட்டி இல்லன்னா எட்டுக்கு முடிஞ்சிருக்கும். வேணும்னே ஏத்தி விட்டுட்டு, கடைசி நிமிஷத்துல கழண்டுக்கிச்சு அந்தப் பொம்பள. எடுக்கவே போறதில்லன்னா எதுக்குப்பா ஏத்தணும்? என் புள்ளை வாயிலேர்ந்து புடுங்கின மாதிரி இருக்கு. அவங்களுக்குத் தலைக்கு மேல ஒரு கூரைகூட இல்லாமப் போகணும்."

"அப்படிச் சொல்லாத" என்றார் மீட்டர். பகலில் சொன்ன அதே குரலில்.

அவள் அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. துடைத்தால் மூக்கை உறிஞ்ச வேண்டி வரும், உறிஞ்சினால் அவனுக்குக் கேட்டுவிடும்.

"அவங்க ஏதோ பையை டீச்சர் வீட்டுல மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்களாம். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் சாவி வாங்கப் போறேன். அதே நேரத்துக்கு அவங்களையும் வரச் சொல்லுங்க, பையை நானே அவங்க கையில குடுத்துக்கறேன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன். அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்ப்பா."

ஊசியக்கா தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பை இல்லை. சாம்பல் நிறக் கால்சட்டைத் துணி, வெளிப்பக்கம் வைத்த பாக்கெட், அதில் நீலக் கறை. எட்டு மணிக்கு அவள் அங்கே போய் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அவன் அதைக் கையில் எடுத்தால் போதும், யாருடையது என்று தெரிந்துவிடும்.

மகன் போனை வைத்தான்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்த போன் அடித்தது. டீச்சரம்மா கூப்பிட்டார்.